காரைக்கால்ல ஃப்ரான்ஸ் வீட்டு வரி பேப்பர் பாத்துக் குடுக்குற ஆபீஸ், எங்க சித்தப்பா கேஸ்ல எப்படி இருந்துச்சு

ஃப்ரான்ஸ்ல இருக்குற வீட்டை வித்துட்டு ஊரோட வந்துட்டவங்க, வரப்போறவங்க, அவங்க வீட்டுப் பிள்ளைங்க எல்லாரும் இதைக் கடைசி வரைக்கும் படிங்க. காரைக்கால் பாரதியார் சாலையை ஒட்டின ஒரு சந்துல மாடியில சின்ன ஆபீஸ், ரிட்டயர்டு ஃப்ரெஞ்சு வாத்தியார் ஒருத்தர் நடத்துறாரு, கூட ஒரு பொண்ணு கம்ப்யூட்டர் பாக்குது. பென்ஷன் லைஃப் சர்ட்டிஃபிகேட், நேஷனாலிட்டி பேப்பர், வரி எல்லாம் பாத்துக் குடுப்பாங்க. பேரு போடாதீங்கன்னு சார் கேட்டுக்கிட்டாரு, அதனால போடல, காரைக்கால்ல ஃப்ரெஞ்சுக் குடும்பம் எதுகிட்ட கேட்டாலும் வழி சொல்லுவாங்க. என் மார்க் 5க்கு 4. ஒரு மார்க் ஏன் குறைச்சேன்னு கீழ சொல்றேன்.

விஷயம் இதுதான். சித்தப்பா பாரிஸ் பக்கத்துல சார்செல்ங்கிற ஊருல இருந்த ஃப்ளாட்டை போன வருஷம், 2025 மார்ச் 31 அன்னைக்கு நொத்தேர், அதாவது அங்க வீட்டுப் பத்திரம் முடிச்சுக் குடுக்குற அதிகாரி, அவரு ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டு வித்தாரு. சாவியக் குடுத்து, பணம் வாங்கி, சித்தியோட ஊருக்கு வந்து சேந்தாச்சு. செப்டம்பர்ல பழைய அபார்ட்மென்ட்ல பக்கத்து வீட்டுக்காரர் வாட்ஸ்அப்ல ஒரு ஃபோட்டோ அனுப்புறாரு, தக்ஸ் ஃபோன்சியேர், அதாவது வீட்டு வரி நோட்டீஸ், சித்தப்பா பேர்ல, முழு வருஷத்துக்கும் சேத்து 1,485 யூரோ. மனுஷனுக்கு அன்னைக்கு ராத்திரி சோறு இறங்கல. வித்து ஆறு மாசம் ஆச்சேடா, இன்னும் எம்பேர்ல ஏன்டா வருது, வித்தது செல்லாமப் போயிடுச்சான்னு அதே கேள்விதான். டீக்கடையில ஒருத்தர் கட்டாதீங்க வாங்குனவன் கட்டட்டும்ங்கிறாரு, இன்னொருத்தர் மூணு மாசத்துக்கு மட்டும் கணக்குப் போட்டு அனுப்புங்கங்கிறாரு, சார்செல் மச்சான் ஃபோன்ல வேற ஒண்ணு சொல்றாரு.

சார் நோட்டீஸைப் பாத்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. "ஜனவரி 1ஆம் தேதி வீடு யார் பேர்ல இருந்துச்சு?" எம்பேர்லதான்னு சித்தப்பா சொன்னதும், "அப்ப இந்த வருஷ வரி முழுசும் உங்க பேர்லதான் வரும், அவங்க தப்பா அனுப்பல, பயப்படாதீங்க"ன்னாரு. அங்க சட்டமே அப்படித்தானாம், அந்த வருஷம் ஜனவரி 1 அன்னைக்கு யார் ஓனரோ அவரு பேர்லதான் வருஷம் பூரா வரி, ஜனவரி 2ஆம் தேதி வித்தாலும் அதே கதைதான். நம்ம கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கம் அரையாண்டு அரையாண்டா வரி கட்டிப் பழகினவங்களுக்கு இது சட்டுனு மண்டையில ஏறாது, ஏன்னா நாம வித்த தேதிய வச்சுத்தான் யோசிப்போம்.

இதுக்கு அப்புறம் அவரு செஞ்சதுதான் எனக்கு ரொம்பப் புடிச்சது. விற்பனை ஃபைல் எங்கன்னு கேட்டாரு. சித்தப்பா ஒரு துணிப்பைல நொத்தேர் குடுத்த கட்டை அப்படியே வச்சிருந்தாரு, பிரிச்சுக்கூடப் பாக்கல. சார் கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு பக்கமாத் தள்ளி, கடைசில இருந்த கணக்குத் தாளை எடுத்து ஒரு வரிக்குக் கீழ பென்சில்ல கோடு போட்டுக் காட்டினாரு. அதுல வரிப் பங்குன்னு 1,100 யூரோ சித்தப்பா கணக்குல வரவு ஆயிருக்கு. அதுக்கு முந்தின வருஷ பில் 1,460 யூரோ, 365 நாளுக்குப் பிரிச்சா நாளுக்கு 4 யூரோ, ஜனவரி 1லேர்ந்து மார்ச் 31 வரைக்கும் 90 நாள் சித்தப்பா பங்கு 360, மிச்ச 1,100 வாங்கினவர் பங்கு, அதை அவரு கையெழுத்து அன்னைக்கே குடுத்துட்டாரு. வீடு வித்த காசோட சேந்து வந்ததால யாரும் தனியாக் கவனிக்கல. சித்தி அந்தத் தாளை வாங்கி ரெண்டு தடவை பாத்துட்டு "அப்ப இது நம்ம காசு இல்லியா, கட்டிருங்க"ன்னாங்க, அவ்ளோதான், முடிஞ்சுது.

ஆனா இந்தப் பங்கு பிரிக்கிறது விக்கிறவருக்கும் வாங்குறவருக்கும் நடுவுல இருக்குற ஒப்பந்தம் மட்டும்தான்னு சார் அழுத்திச் சொன்னாரு. வரி ஆபீஸ் அதைக் கண்டுக்காது, அவங்களுக்கு ஜனவரி 1 ஓனர் ஒருத்தர்தான் தெரியும். பத்திரத்துல அந்த ஷரத்து இல்லைனா அப்புறம் வாங்கினவர்கிட்டப் போயி பாதியக் குடுன்னு கேக்க முடியாது. அதனால விக்கப் போறவங்க கையெழுத்துக்கு முன்னாடியே அந்த ஷரத்து இருக்கா, குப்பை வரியும் அதுல சேத்தியான்னு நொத்தேர்கிட்ட வாயத் தொறந்து கேட்டுருங்க. அங்க குப்பை வரியும் பெரும்பாலும் இதே பில்லுலதான் வரும்.

1,460க்கும் 1,485க்கும் நடுவுல 25 யூரோ வித்தியாசம் ஏன்னும் நான் கேட்டேன். வரி போடுற அடிப்படை மதிப்பை வருஷா வருஷம் ஏத்துவாங்களாம், 2023ல 7.1 சதவீதம், 2024ல 3.9, 2025ல 1.7. வித்த நேரத்துல புது பில் வந்திருக்காது, அதனால பழைய பில்ல வச்சுத்தான் பங்கு போடுவாங்க, பின்னாடி ஏறினது விக்கிறவர் தலையில. 25 யூரோவுக்கு மல்லுக்கட்டாதீங்கன்னு சாரே சொல்லிட்டாரு, எனக்கும் சரின்னுதான் பட்டுச்சு.

நாங்க இருக்கும்போதே திருநள்ளாறுலேர்ந்து ஒருத்தர் வந்தாரு, பாவமா இருந்துச்சு. நவம்பர்ல கொம்ப்ரோமி, அதாவது அக்ரிமென்ட்ல கையெழுத்துப் போட்டாச்சு, வித்தாச்சுன்னு நினைச்சு நிம்மதியா இருந்திருக்காரு, ஆனா ஃபைனல் ஆக்த், அதாவது விற்பனைப் பத்திரத்துல கையெழுத்து ஜனவரி ரெண்டாவது வாரம்தான் ஆயிருக்கு. பொதுவா ஃபைனல் கையெழுத்துலதான் வீடு கை மாறுது, அதனால ஜனவரி 1 அன்னைக்கும் ஓனர் அவருதான், அந்த வருஷ வரி பூரா அவரு பேர்ல. ரெண்டு வாரம் முன்னாடி டிசம்பர்ல முடிச்சிருந்தா அந்த நோட்டீஸே அவருக்கு வந்திருக்காது. வருஷக் கடைசில விக்கிறவங்க இந்தத் தேதியக் கொஞ்சம் பாருங்க.

அடுத்த தலைவலி பணம் கட்டுறது. 300 யூரோவுக்கு மேல போனா செக் எல்லாம் வாங்க மாட்டாங்க, இம்போ சைட்லயோ, அதாவது ஃப்ரான்ஸ் வரி ஆபீஸோட வெப்சைட்லயோ, அக்கவுன்ட்லேர்ந்து புடிச்சுக்கிற மாதிரியோதான் கட்டணும். கடைசி நாள் வழக்கமா அக்டோபர் 15, ஆன்லைன்ல 20 வரைக்கும், தவறினா 10 சதவீதம் அபராதம். நம்ம ஊரு பேங்க் அக்கவுன்ட்ட வச்சு அதுல கட்ட முடியாது, ஐரோப்பா அக்கவுன்ட்தான் எடுத்துக்கும். ஊருக்குப் போறோமேன்னு அங்க இருக்குற அக்கவுன்ட்ட மூடிட்டு வந்தவங்க நிறையப் பேர் இங்கதான் மாட்டுறாங்க. சித்தப்பா பென்ஷனுக்காக அக்கவுன்ட்ட வச்சிருந்ததால தப்பிச்சாரு, சார் முன்னாடியே உக்காந்து கட்டி, ரசீதையும் பிரின்ட் எடுத்துட்டோம். மாசாமாசம் புடிக்கச் சொல்லிக் குடுத்திருந்தீங்கன்னா அதையும் நீங்கதான் நிறுத்தணும், வித்தா தானா நிக்காது.

அடுத்த வருஷமும் பழையபடி நம்ம பேர்லயே நோட்டீஸ் வந்தா? அங்க ரெக்கார்ட்ல பேர் மாற லேட்டானா அப்படியும் வருமாம். அப்ப அது நம்ம கடன் இல்ல, ஆனா கெடக்கட்டும்னும் விடக்கூடாது. நொத்தேர் குடுக்குற விற்பனைச் சான்றை வச்சு இம்போ சைட்லயே மெசேஜ் அனுப்பி, வாங்கினவர் பேருக்கு மாத்துங்கன்னு மனுப் போடணும், பில் வந்த வருஷத்துக்கு அடுத்த வருஷம் டிசம்பர் 31 வரைக்கும் டைம் இருக்கு. சித்தப்பாவுக்காக அந்த மெசேஜை இப்பவே எழுதி வச்சுக் குடுத்திருக்காங்க, வந்தா அனுப்ப வேண்டியதுதான். அட்ரஸையும் காரைக்காலுக்கு மாத்திக் குடுத்தாங்க, இது எல்லாத்துக்கும் சேத்து 1,500 ரூபா. நான் குறை சொல்ல மாட்டேன், ஆனா ரேட் போர்டுல எழுதி வச்சா வர்றவங்களுக்கு நல்லது.

இப்ப அந்த ஒரு மார்க். வர்றவங்க வரி நம்பர், பாஸ்வேர்டு எல்லாத்தையும் ஒரு நோட்டுல வரிசையா எழுதி மேசை மேலயே வச்சிருக்காங்க. வயசானவங்க மறந்துடுறாங்க, அதுக்காகன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு, கெட்ட எண்ணம் எதுவும் இல்லதான், ஆனா அந்த நம்பருக்குள்ள ஒருத்தரோட மொத்த வருமானம், பேங்க் விவரம் எல்லாம் இருக்கு, இது சரியில்லன்னு சார்கிட்ட நேராவே சொன்னேன். வீட்டுக்கு வந்த உடனே சித்தப்பா பாஸ்வேர்டை மாத்திட்டோம், நீங்களும் மாத்துங்க. அப்புறம் டோக்கன் கிடையாது, எழுபது வயசுக்காரங்க மாடிப்படியில நின்னுக்கிட்டே இருக்காங்க, ரெண்டு பிளாஸ்டிக் சேர் போட்டாக்கூடப் போதும்.

ஃப்ரான்ஸ் தவிர வேற நாட்டு விஷயத்தை சார் தொடவே மாட்டாரு, அது நல்லதுதான், ஏன்னா சட்டம் ஊருக்கு ஊரு வேற. லண்டன்ல கவுன்சில் டாக்ஸ் பொதுவா குடியிருக்குறவர் மேல, அதுவும் நாள் கணக்கு. சிங்கப்பூர்ல ஓனர் மேல, முழு வருஷத்துக்கும் ஜனவரியிலயே கட்டணும். அங்கல்லாம் வித்தவங்க இந்த ஜனவரி 1 கதைய அப்படியே எடுத்துக்காதீங்க. வீடு வித்த லாபத்துக்கு இந்தியாவுல கணக்குக் காட்டணுமாங்கிறதும் தனி விஷயம், அந்த வருஷம் நீங்க இந்தியாவுல ரெசிடென்டா இல்லையாங்கிறதைப் பொறுத்தது, அதுக்கு நல்ல ஆடிட்டரைப் பாருங்கன்னு சாரே அனுப்பிடுறாரு.

போறவங்க வரி நோட்டீஸ் மட்டும் எடுத்துட்டுப் போகாம நொத்தேர் குடுத்த கட்டு முழுசையும், முந்தின வருஷ பில்லையும் எடுத்துட்டுப் போங்க. மத்தியானம் 1லேர்ந்து 4 வரைக்கும் பூட்டியிருக்கும், ஃபோன் எடுக்க மாட்டாங்க, நேராப் போறதுதான் வழி. செப்டம்பர், அக்டோபர்ல நோட்டீஸோட எல்லாரும் வந்து நிப்பாங்க, விக்கிறதுக்கு முன்னாடி ஆலோசனை கேக்கணும்னா ஜூலை, ஆகஸ்ட்ல போங்க, மாங்கனித் திருவிழா நேரத்துல மட்டும் திறந்திருக்கான்னு விசாரிச்சுட்டுப் போங்க.