தண்டர்பேர்ட்: ஆறு வருடப் பழக்கமும் ஒரு இன்வாய்ஸும்

மாண்டலேயில் கடை வைத்திருக்கும் தம்பி நேற்று போனில் கேட்டான்: "அண்ணே, மெயில் பார்க்க கடைக் கம்ப்யூட்டரில் தண்டர்பேர்ட் மென்பொருள் போடலாமா?" ரங்கூனில் எங்கள் உளுந்து ஏற்றுமதி அலுவலகத்தில் ஆறு வருடமாக அதுதான் ஓடுகிறது. ஆனாலும் "போடு" என்று சொல்ல வாய் வரவில்லை.

எனக்கு அதில் உயிர், கீழே இருக்கும் மெல்லிய பட்டை. மெயிலில் உள்ள லிங்க் மேல் மவுஸைக் கொண்டுபோய் நிறுத்தினால், அது உண்மையில் எங்கே போகிறது என்று அங்கே தெரிந்துவிடும். "உங்கள் கணக்கு முடங்கியது, இங்கே அழுத்துங்கள்" என்று வரும். பட்டையில் பார்த்தால் வங்கிக்குச் சம்பந்தமே இல்லாத முகவரி. எத்தனை தடவை என் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது! வெளியிலிருந்து வரும் படங்களையும் தானாகவே தடுத்துவிடும். நெட் இல்லாத நாளிலும் பழைய மெயில்கள் கம்ப்யூட்டரிலேயே கிடைப்பது இந்த ஊரில் பெரிய விஷயம்.

போன மாதம் வந்த மெயிலில் லிங்க்கே இல்லை. சென்னை பார்ட்டி பெயரில், "எஸ்.க்யூ. உளுந்து, திருத்திய இன்வாய்ஸ்" என்று ஒரு ஃபைல் மட்டும். பெயர் நடுவில் பிடிஎஃப், கடைசியில் ஹெச்டிஎம்எல். அதாவது ஆவணம் போலப் பெயர் வைத்த வலைப்பக்கம். 2000 மே மாதம் உலகைச் சுற்றிய 'ஐ லவ் யூ' வைரஸும் இப்படித்தான், டெக்ஸ்ட் ஃபைல் போலப் பெயர் வைத்து, திறந்தால் ஓடும் விபிஎஸ் நிரலாக வந்தது. கணக்கு எழுதும் பிள்ளை அதைத் திறந்தாள். பிரவுசரில் எங்கள் மெயில் முகவரியோடு ஒரு லாகின் பக்கம். பாஸ்வேர்டை அடித்துவிட்டாள்.

இரண்டு நாளில் எங்கள் பெயரிலேயே சென்னைக்கு மெயில் போனது: "வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இதில் பணம் போடுங்கள்." அவர் போன் போட்டுக் கேட்டதால் பணம் தப்பியது. பாஸ்வேர்டை மாற்றியும் எங்கள் மெயில்களின் நகல் வெளியே போய்க்கொண்டே இருந்தது. திருடன் ஃபார்வர்டிங் விதி போட்டுவைத்திருந்தான். அது நம் கம்ப்யூட்டரில் இல்லை, மெயில் நிறுவனத்தின் சர்வரில் இருக்கும் சங்கதி. பிரவுசர் வழியாக வெப்மெயிலில் நுழைந்த பிறகுதான் கண்ணில் பட்டது. அந்த ஒரு வாரம் நான் தூங்கவில்லை.

தண்டர்பேர்ட்மேல் பழி இல்லை. நாளைக் காலையும் அதைத்தான் திறப்பேன். ஆனால் தம்பி, உன் கடைக்கு இப்போது வேண்டாம்ப்பா. நாலு பேர் மாறி மாறி உட்காரும் கம்ப்யூட்டர் அது. முதலில் மெயில் கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பை, அதாவது பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சரிபார்ப்பையும் கேட்கும் வசதியை, போடு. அதன்பிறகு சொல், நானே வந்து போட்டுத் தருகிறேன்.