எலெக்ட்ரிக் கிதாரில் அக்கூஸ்டிக் ஒலி: பாஸ் ஏசி-3 பெடலோடு சில வருஷங்கள்

ராயபுரம், காசிமேடு பக்கம் குடியிருப்பவர்களுக்கு அக்கூஸ்டிக் கிதாரைப் பராமரிப்பது பெரிய வேலை. உப்புக் காற்றில் கம்பிகள் சீக்கிரம் துருவேறும். ஈரத்தில் மேல்பலகை உப்பி, கம்பிகள் ஃப்ரெட்டை விட்டு உயர்ந்துவிடும். மேடையில் வேறு சிக்கல்: ட்ரம்ஸும் மானிட்டரும் பக்கத்திலேயே இருக்க, அக்கூஸ்டிக் ஊளையிட ஆரம்பிக்கும். சர்ச் பாடல் குழுவுக்கும் கானா கச்சேரிக்கும் ஒரே எலெக்ட்ரிக் கிதாரோடு போகிறேன். அதற்காக வாங்கியதுதான் பாஸ் (Boss) கம்பெனியின் இந்த ஏசி-3 பெடல். எலெக்ட்ரிக் கிதாரின் ஒலியை அக்கூஸ்டிக் போல மாற்றித் தரும்.

முதலில் சொல்ல வேண்டியது, இதை கிதார் ஆம்பில் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கிதார் ஆம்பின் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக அடங்கிவிடும். அக்கூஸ்டிக்கின் மினுமினுப்பு, பிக் கம்பியில் உரசும் சத்தம் எல்லாம் அதற்கு மேலேயும் இருக்கிறது. பெடலில் லைன் அவுட் தனியாக உண்டு. அதிலிருந்து நேரே மிக்சருக்குக் கொடுங்கள். வேறு எந்த நாப்பைத் திருகினாலும் இவ்வளவு வித்தியாசம் வராது.

ஸ்டாண்டர்ட், ஜம்போ, என்ஹான்ஸ், பியெசோ என்று நான்கு வகை ஒலி உண்டு. நான் பெரும்பாலும் ஸ்டாண்டர்டிலேயே இருப்பேன். ஜம்போ தனியாகக் கேட்க அழகு, ஆனால் பேஸ் கிதார் சேர்ந்ததும் குழம்பிவிடும். பாடி நாப்தான் மரப்பெட்டியின் அதிர்வைக் கூட்டுவது. சாதாரண ட்ரெட்நாட் (பெரிய உடல் கொண்ட அக்கூஸ்டிக்) கிதாரில் உள்ளே இருக்கும் காற்று 100 ஹெர்ட்ஸ் அருகிலும், மேல்பலகை 200 ஹெர்ட்ஸ் அருகிலும் அதிரும். எலெக்ட்ரிக் கிதாரின் காந்தப் பிக்கப்புக்கு இது எட்டாது. அது கம்பியின் அசைவை மட்டுமே பிடிக்கும். கானாவில் டோலக்கின் கனத்த பக்கமும் கிட்டத்தட்ட அந்த இடத்தில்தான் பேசுகிறது. அங்கே பாடியைக் குறைத்து, மேல் ஒலியைக் கூட்டும் டாப் நாப்பைக் கொஞ்சம் ஏற்றினால் ஸ்ட்ரம்மிங் தெளிவாக மேலே வரும். சர்ச்சில் டோலக் கிடையாது, பாடியைத் தாராளமாகத் திறக்கலாம். ரிவெர்பை மட்டும் மூடிவிடுவேன், உயர்ந்த கூரையே போதுமான எதிரொலி தருகிறது.

கிதார் பக்கம் நான் செய்தது: சிங்கிள் காயில் பிக்கப், அதிலும் நெக்கும் மிடிலும் சேர்ந்து ஒலிக்கும் நிலை. ஹம்பக்கர் (இரட்டைக் காயில் பிக்கப்) வைத்தால் ஒலி தடித்துப்போகிறது. வால்யூமைச் சற்று இறக்கினால் பிக்கின் அடி மென்மையாகும். அப்புறம் மூன்றாவது கம்பி. எலெக்ட்ரிக் செட்டில் அது பெரும்பாலும் வெறும் கம்பியாக வரும், அக்கூஸ்டிக்கில் சுற்றுக் கம்பி, அதாவது மேலே இன்னொரு மெல்லிய கம்பி சுற்றியது. வெறும் கம்பி ஸ்ட்ரம்மில் மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். சுற்றுக் கம்பி மாட்டியதும் கோர்டு ஒன்றாகச் சேர்ந்தது. மெல்லிய பிக், கை தளர்ந்த ஸ்ட்ரம். சுரத்தை நீட்டிப் பிடிக்கவே கூடாது, அக்கூஸ்டிக்கில் ஒலி சீக்கிரம் தேயும். வளைத்து வாசித்தாலோ எலெக்ட்ரிக் என்று உடனே காட்டிக் கொடுத்துவிடும்.

இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் ஏற்றும் பெடலையும் நண்பரிடம் வாங்கி வாசித்துப் பார்த்தேன். நிஜ கிதாரின் ஒலித்தன்மையை அளந்து கணினிக் கோப்பாக்கியது என்பதால் மரத்தின் குணம் அதில் கூடுதலாக இருக்கிறது. ஆனால் நம் பிக்கப்புக்குப் பொருந்தும் கோப்பைத் தேட நேரம் பிடிக்கும். மேடையில் அவசரமாகத் திருத்த ஏசி-3தான் எனக்கு வசதி.

குழுவோடு ஸ்ட்ரம் செய்ய இது தாராளமாகப் போதும். விரலால் மீட்டித் தனியாக வாசிக்கும்போது, நகம் படும் சின்னச் சத்தமும் சுரங்களுக்கு நடுவே மரம் மூச்சு விடுவதும் இதில் வராது. ரெக்கார்டிங்கில் அப்படி ஒரு பகுதி வந்தால் நிஜ அக்கூஸ்டிக்கை இரவல் வாங்கி, மைக் வைத்தே எடுக்கிறேன்.