பட்டறைக்கு எந்த ஹீட்டர்: காற்றுக்கா, ஆளுக்கா, பொருளுக்கா?

ஹீட்டர் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை வாட்?" என்றுதான். அதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கார் நிற்கிற கராஜ், 3 மீட்டர் அகலம், 6 மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். அதிலுள்ள காற்றை ஒரு டிகிரி சூடாக்க 15 வாட்-மணி போதும். அதே கராஜின் 10 சென்டிமீட்டர் கான்கிரீட் தளத்தை ஒரு டிகிரி ஏற்ற ஏறக்குறைய ஒரு யூனிட், அதாவது 1,000 வாட்-மணி வேண்டும். ஹீட்டர் போட்ட பத்தாவது நிமிடம் முகத்தில் சூடு தெரிந்தாலும் கால் விறைத்தபடியே இருப்பது இதனால்தான். ரம்பத்தின் இரும்பு மேசையைத் தொட்டால் கை தானாகப் பின்னுக்கு வருவதும் இதனால்தான்.

ஆகவே எதைச் சூடாக்கப் போகிறோம், எவ்வளவு நேரத்துக்கு என்று முடிவு செய்துவிட்டால் பாதித் தேர்வு முடிந்த மாதிரி.

வாரத்தில் இரண்டு நாள், ஒரு மணி நேரம் மட்டும் வேலை செய்கிறவருக்கு ஃபேன் ஹீட்டரா, அகச்சிவப்பு ஹீட்டரா என்பதுதான் கேள்வி. மின்சாரத்தை வெப்பமாக்குவதில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை. 1,500 வாட் இழுத்தால் 1,500 வாட் சூடுதான் வரும். ஃபேன் ஹீட்டர் அதைக் காற்றில் போடுகிறது. கதவை ஒருமுறை ஏற்றி இறக்கினால் அந்தக் காற்று வெளியே போய்விடும். போதாததற்கு, மரத்தூளைக் கிளப்பி, அப்போதுதான் பூசிய வார்னிஷ் மேல் கொண்டுபோய் ஒட்டும். அகச்சிவப்பு ஹீட்டர் வெயில் மாதிரி: எதிரே நிற்கும் ஆளையும் மேசையையும் நேராகச் சூடாக்கும். கதவு திறந்தாலும் அந்தச் சூடு உடனே போகாது. குறையும் உண்டு. அதன் பார்வையில் படாத பக்கம் குளிரும். நேர் தலைக்கு மேலே மாட்டினால் மண்டை காயும், மேசைக்கு அடியில் கால் உறையும். அதனால் பெரியது ஒன்றைவிடச் சிறியது இரண்டு வாங்கி, பக்கத்துக்கு ஒன்றாகச் சாய்த்து மாட்டுவது நல்லது. சுற்றி ஒரு மீட்டராவது காலி இடம் விடுங்கள். குறைந்த நேர வேலைக்கு நான் அகச்சிவப்பைத்தான் சொல்வேன்.

எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் சத்தமில்லாதது, தூசியைக் கிளப்பாதது. ஆனால் மிக மெதுவாக ஏறும். மூடிய சிறிய அறைக்குச் சரி, கராஜுக்குப் போதாது.

அப்புறம், சிலிண்டர் மேல் பொருத்தும் புரொப்பேன் எரிவாயு ஹீட்டரும், ஊதி எரிக்கும் மண்ணெண்ணெய் ஹீட்டரும். விலை குறைவு, சூடு அதிகம், வயரிங் வேலை கிடையாது, ஆசைப்படுவது இயல்பே. புகைபோக்கி இல்லாத இவற்றை மூடிய பட்டறைக்குள் வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. முதல் காரணம் எல்லோருக்கும் தெரிந்த கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. சில ஹீட்டர்களில் ஆக்சிஜன் 18 சதவீதத்தை ஒட்டி இறங்கினால் தானாக அணையும் கருவி உண்டு. அது ஆக்சிஜனைத்தான் கவனிக்கிறது, கார்பன் மோனாக்சைடை அளப்பதில்லை. அந்த நம்பிக்கையில் கதவை மூடிவிட்டு உட்காரக் கூடாது.

இன்னொரு காரணத்தை யாரும் சொல்வதில்லை. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளியே வரும். 5 கிலோவாட் ஹீட்டர் மணிக்கு 400 கிராம் வாயுவை எரிக்கும். அப்படியென்றால் மணிக்கு அரை லிட்டருக்கும் மேல் தண்ணீரை அறைக்குள் விடுகிறது. காற்று சூடு, இரும்பு இன்னும் குளிர். அந்த ஆவி எங்கே படியும்? வார்ப்பிரும்பு மேசை, உளி, இழைப்புளியின் தகடு எல்லாவற்றின் மேலும்தான். ஒரு குளிர்காலத்தில் சில நாட்கள் மட்டும் இப்படி எரித்துவிட்டு, பளபளவென்று இருந்த ரம்ப மேசை முழுக்கத் துருப்புள்ளி விழுந்ததைப் பார்த்து நான் உண்மையிலேயே வருந்தினேன். தேய்த்து எடுக்க இரண்டு நாள் ஆனது. பாதிக் கதவு திறந்து வைத்துச் செய்யும் வெல்டிங் போன்ற வேலைக்கு இவை பயன்படலாம், அவ்வளவுதான்.

தினமும் பட்டறையில் இருப்பவருக்கு அலசல் வேறு. அங்கே தளமும் கருவிகளும் சேர்ந்து சூடாக வேண்டும். மரப்பசைக்காகவும் இது முக்கியம்: வெள்ளைப் பசைகள் பலவும் 10 டிகிரிக்குக் கீழே சரியாகப் பிடிக்காமல், சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் காயும். இந்த வேலைக்கு இரண்டு போட்டியாளர்கள்.

ஒன்று, ஹீட் பம்ப் வசதியுள்ள ஸ்ப்ளிட் ஏசி. இது வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை இழுத்து உள்ளே தள்ளுவதால், மிதமான குளிரில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வெப்பம் வரை கிடைக்கும். வெளியே குளிர் ஏற ஏற இந்த ஆதாயம் குறையும். தீ இல்லை, ஆவி இல்லை, கோடையில் குளிரூட்டவும் செய்யும். மரத்தூள்தான் எதிரி, வடிகட்டியை அடிக்கடி கழுவ வேண்டும். இன்னொன்று, எரிவதற்கான காற்றை வெளியிலிருந்தே குழாய் வழியாக இழுத்து, புகையையும் வெளியே விடும் வாயு ஹீட்டர். கடும் குளிருக்கும் பெரிய இடத்துக்கும் இதுவே சரி. ஹீட்டருக்குள்ளேயே உள்ள அடைத்த பெட்டிக்குள் எரிவதால் தூசியோ தின்னர் ஆவியோ தீயைத் தொடாது. பொருத்தும் செலவுதான் கனம்.

கார் நிற்கிற இடம் என்றால் ஒன்றை மறக்காதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். தீப்பொறி வரக்கூடிய எதையும் தரையிலிருந்து 18 அங்குலத்துக்கு மேலேதான் வைக்க வேண்டும். ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கும்போது சிவக்கச் சூடேறும் எந்த ஹீட்டரும் ஓடக் கூடாது. விறகு அடுப்பை இந்தப் பட்டியலில் நான் சேர்க்கவே இல்லை. வாகனம் நிற்கும் இடத்துக்கு அது பொருந்தாது.

மின்சார ஹீட்டர் என்றால் எக்ஸ்டென்ஷன் வயரில் போடாதீர்கள், பிளக் உருகிவிடும். சுவரில் தனி லைன் இழுப்பதற்கான செலவையும் சேர்த்தே விலையை ஒப்பிடுங்கள்.

சரி, வாட் கணக்குக்கு வருவோம். வெளியே 0, உள்ளே 15 டிகிரி என்றால் வெப்பக் காப்பு இல்லாத அந்தக் கராஜ் சுமார் 3 கிலோவாட் இழக்கும். அதில் வெறும் தகரக் கதவு மட்டுமே ஏறக்குறைய 450 வாட். கதவின் உட்புறம் 4 சென்டிமீட்டர் நுரைப் பலகை ஒட்டினால் அது 100 வாட்டுக்குக் கீழே வந்துவிடும். கதவடியில் ரப்பர் பட்டையும் கூரைக்குக் காப்பும் போட்டபிறகு கணக்கைத் திரும்பப் போடுங்கள். முதலில் நினைத்ததில் பாதி அளவு ஹீட்டரே போதும் என்று பலமுறை தெரியவரும்.