வீல் ஜேன் சுரங்க நீருக்கு நாணல் படுகையா, சுண்ணாம்பு ஆலையா?

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் இருந்த வீல் ஜேன் வெள்ளீயச் சுரங்கம் 1991-இல் மூடப்பட்டது. பம்புகளை நிறுத்தியதும் சுரங்கத்துக்குள் நீர் ஏறியது. 1992 ஜனவரியில் சுரங்க வடிகால் வாயின் அடைப்பு உடைந்து, சுமார் 5 கோடி லிட்டர் அமில நீர் கார்னன் ஆற்றில் பாய்ந்து, ஃபால் கழிமுகம் காவி நிறமானது. இரும்பு, துத்தநாகம், காட்மியம், ஆர்செனிக் எல்லாம் அதில் கரைந்திருந்தன. அவசரத்துக்குச் சுண்ணாம்பு போட்டுச் சமாளித்தார்கள். சரி, நிரந்தரமாக என்ன செய்வது? நாணல் படுகைகளின் வழியே நீரை மெல்ல ஓடவிடும் செயற்கை ஈரநிலமா, நீரில் சுண்ணாம்பு கலந்து உலோகத்தைப் பிரிக்கும் சுண்ணாம்பு ஆலையா? ஒரே சுரங்கத்தின் நீரில் இரண்டையும் பார்த்துவிட்டார்கள் என்பதால், இந்த ஒப்பீட்டுக்கு நான் எப்போதும் வீல் ஜேனைத்தான் எடுப்பேன்.

நாணல் உலோகத்தை உறிஞ்சிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். செடிக்குள் போவது மிகச் சிறிய பங்குதான். வேலை நடப்பது படுகையில். ஆழமில்லாத, காற்றுப்படும் படுகையில் இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து காவிப் படிவாகிறது. ஆர்செனிக் அந்தப் படிவிலேயே ஒட்டிக்கொள்ளும். துத்தநாகத்துக்கும் காட்மியத்துக்கும் நேர் எதிரான சூழல் வேண்டும்: காற்றுப் புகாத, மட்கும் கழிவுகள் நிறைந்த படுகை. அங்கே பாக்டீரியாக்கள் சல்பேட்டைச் சல்பைடாக மாற்ற, உலோகங்கள் கரையாத சல்பைடுகளாகப் படிகின்றன. மாங்கனீசு லேசில் பிரியாது. அதற்குப் பாசி படர்ந்த பாறை வடிகட்டி. வீல் ஜேன் முன்னோட்டத் திட்டத்தில் இம்மூன்றும் வரிசையாக அமைந்தன. உள்ளே விடும் நீரை மட்டும் மூன்று விதமாகச் சோதித்தார்கள்: சுண்ணாம்பு கலந்தது, காற்றுப்படாத சுண்ணாம்புக்கல் வாய்க்கால் வழியே வந்தது, எதுவும் கலக்காதது.

சுண்ணாம்பு ஆலையின் வேதியியல் எளிது. பிஎச் அளவை (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; 7-க்குக் கீழே அமிலம்) 9 வாக்கில் ஏற்றினால் உலோகங்கள் கரையாத ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடும். மழையில் நீர் பெருகினால் சுண்ணாம்பையும் கூட்டலாம். ஆனால் சுண்ணாம்பு, மின்சாரம், ஆட்கள், கசடு எனச் செலவு நிற்காது.

கடைசியில் வென்றது ஆலை; 2000-இல் இயங்கத் தொடங்கியது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். நொடிக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் வரும் அந்த அமில நீரைச் சுத்தமாக்க ஈரநிலம் கேட்கும் பரப்பு அந்தப் பள்ளத்தாக்கில் கிடைக்காது.

அதற்காக ஈரநிலத்தை ஒதுக்கிவிடக் கூடாது. பிரிட்டனின் பழைய நிலக்கரிச் சுரங்கங்கள் பலவற்றின் நீரில் அமிலம் குறைவு, தொல்லை பெரும்பாலும் இரும்புதான். அங்கே ஒரு வண்டல் குளமும் நாணல் படுகையும் ஆண்டுக்கணக்கில் வேலை செய்கின்றன. ஆலை கட்டுவது வீண். துத்தநாகத்துக்கும் வழி உண்டு. கம்பிரியாவின் ஃபோர்ஸ் கிராக் சுரங்கத்தில் மட்கு, மரச்சீவல், சுண்ணாம்புக்கல் கலந்த குளங்களில் 2014 முதல் அதைப் பிரிக்கிறார்கள். வீல் ஜேனோடு ஒப்பிட்டால் அங்கு வரும் நீர் மிகக் குறைவு.

ஆகவே நான் முதலில் பார்ப்பது நீரின் அமிலத்தையும் அளவையும். அப்புறம்தான் நிலம், பணம். ஈரநிலத்துக்குப் பராமரிப்பே தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிடிபட்ட உலோகம் எங்கும் போய்விடவில்லை, படுகையிலேயே சேர்கிறது. சல்பைடு படிந்த படுகை வறண்டு காற்றுப்பட்டால் உலோகம் திரும்பக் கரைந்து வெளியேறும். படுகை நிறைந்ததும் அதைத் தோண்டி அபாயக் கழிவாக அகற்ற வேண்டியும் வரலாம். அந்தச் செலவை முதல் நாளே மதிப்பீட்டில் சேர்த்துவிட வேண்டும்.