வாசிப்பாளரின் காதுக்குள் போகும் ஒலி: ஐஎஃப்பி அமைப்புடன் ஐந்து ஆண்டுகள்

சென்னையில் ஒரு செய்தித் தொலைக்காட்சியின் ஒலிப்பிரிவில் வேலை பார்க்கிறேன். 2020 தொடக்கத்தில் எங்கள் இரண்டாவது ஸ்டுடியோவுக்குக் கம்பிவழி ஐஎஃப்பி (Interruptible Foldback, இடையில் குறுக்கிட்டுப் பேச இடம் தரும் காதொலி) அமைப்பு ஒன்றை நானே நிறுவினேன். நேரலையில் இருக்கும் செய்தி வாசிப்பாளரின் காதுக்கு நிகழ்ச்சியின் ஒலியைக் கொடுத்துக்கொண்டே, பிசிஆர் எனப்படும் கட்டுப்பாட்டறையில் தயாரிப்பாளர் பொத்தானை அழுத்தியதும் அந்த ஒலியைத் தாழ்த்தி அவருடைய குரலை உள்ளே விடுவதுதான் இதன் வேலை. நான்கு சேனல் கொண்ட மூலக்கருவி ரேக்கில் இருக்கிறது. மேசைக்கு அடியில் பெல்ட்பேக் (வால்யூம் குமிழ் உள்ள சிறு பெட்டி), அதிலிருந்து காதுவரை சுருள் குழாய் இயர்பீஸ். 2021 சட்டமன்றத் தேர்தல், 2024 மக்களவைத் தேர்தல் ஆகிய இரண்டின் வாக்கு எண்ணிக்கை நாள்களையும் இந்த அமைப்பை வைத்தே நடத்தினோம்.

நிறுவும்போது முதலில் கவனிக்க வேண்டியது மின்சாரம். ஐஎஃப்பி லைன் பார்ப்பதற்கு மைக் கேபிளைப் போன்ற அதே மூன்று முனை எக்ஸ்எல்ஆர் கனெக்டர்தான். ஆனால் முனை 1 பொது, முனை 2-இல் குறுக்கிடும் ஒலியோடு ஏறத்தாழ 30 வோல்ட் மின்சாரம், முனை 3-இல் குறுக்கீடு இல்லாத நிகழ்ச்சி ஒலி என்று அதன் உள்ளமைப்பு வேறு. அவசரத்தில் யாராவது இதை மிக்சரிலோ கேமராவிலோ செருகிவிட்டால் அந்தக் கருவிக்குக் கேடு. அதனால் எங்கள் ஸ்டுடியோவில் ஐஎஃப்பி கேபிள் ஒவ்வொன்றின் இரு முனையிலும் சிவப்பு டேப் சுற்றியிருக்கிறேன். பெல்ட்பேக்கை மாட்டுவதற்கு முன் மல்டிமீட்டரை முனை 1-க்கும் 2-க்கும் நடுவே வைத்துப் பார்ப்பதை இன்றுவரை விடவில்லை.

முதல் மாதம் முழுவதும் விளக்குகளை ஏற்றினால் காதில் ஒரு இரைச்சல் இருந்துகொண்டே இருந்தது. மூலக்கருவியைச் சந்தேகித்து இரண்டு நாள் வீணாயிற்று. கடைசியில் ஒரு கனெக்டரைத் திறந்து பார்த்தபோது, கேபிள் கட்டிக் கொடுத்தவர் முனை 1-ஐயும் உலோகக் கூட்டையும் ஒரு சிறு கம்பியால் இணைத்து சால்டர் வைத்திருந்தது தெரிந்தது. கட்டுப்பாட்டறையிலிருந்து காதுக்குப் பேசும் இந்த டாக்பேக் வகை லைன்களில் அந்த இணைப்பு இருக்கவே கூடாது. கூடு எங்காவது மேசைச் சட்டத்தில் பட்டால் பூமி இணைப்பு இரண்டு வழியாகி இரைச்சல் ஏறிவிடும். எட்டுக் கனெக்டர்களிலும் அந்தக் கம்பியை எடுத்த பிறகு இரைச்சல் அடியோடு நின்றது.

அளவுச் சோதனை எளிது. 1 கிலோஹெர்ட்ஸ் டோனை +4 டெசிபலில் அனுப்பி மீட்டரைப் பார்த்தால் போதும், பத்து நிமிட வேலை. குறுக்கீட்டின்போது நிகழ்ச்சி ஒலி எவ்வளவு தாழ வேண்டும் என்பதை முடிவுசெய்யத்தான் வாரக்கணக்கில் ஆயிற்று. கருவி வந்தபோது ஒலியை முழுதாக வெட்டும்படி அமைந்திருந்தது. தயாரிப்பாளர் பேசி முடிப்பதற்குள் விருந்தினர் சொன்ன பதிலின் பாதி நெறியாளருக்குக் கேட்காமல் போகும். இப்போது 14 டெசிபல் மட்டும் தாழ்த்துகிறோம். அதற்கும் குறைவாகத் தாழ்த்தினால் இரண்டு குரல்களும் ஒன்றோடொன்று மோதுகின்றன.

இந்த அமைப்பில் எனக்கு மிகப் பெரிய பாடத்தைக் கொடுத்தது மிக்ஸ்-மைனஸ்தான். களத்தில் நிற்கும் செய்தியாளருக்கு நிகழ்ச்சியின் ஒலி முழுவதும் போக வேண்டும், அவர் குரல் மட்டும் போகக் கூடாது. களத்து ஒலியைக் கொண்டுவரும் செயற்கைக்கோள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், ஒலி ஏறி இறங்குவதற்கே கால் நொடி ஆகிவிடுகிறது. கைபேசி வலையமைப்பு வழியாக அனுப்பும் 4ஜி பேக்பேக்கில் தாமதம் இன்னும் கூடுதல். தன் குரல் ஐந்தில் ஒரு நொடி அளவு பிந்தித் தன் காதிலேயே விழுந்தால், எவ்வளவு தேர்ந்த பேச்சாளருக்கும் நாக்குத் தடுமாறும். 2021 வாக்கு எண்ணிக்கைக்கு முந்தைய ஒத்திகையில் லயோலா கல்லூரி வாசலில் இரண்டு செய்தியாளர்கள் நின்றிருந்தார்கள். டோன் சோதனை இருவருக்கும் சரியாகவே இருந்தது. ஆனால் இரண்டாமவர் பேசத் தொடங்கியதும் சொற்கள் இழுபட்டன, ஒரு வாக்கியத்தின் நடுவிலேயே இயர்பீஸைப் பிடுங்கிவிட்டு, "அண்ணா, என் குரலே எனக்கு ரெண்டாவது தடவை வருது" என்றார். முதலாமவருக்கான மைனஸ் பஸ்ஸையே (மிக்சரில் அவருக்கென்று பிரித்த ஒலித்தடத்தையே) நான் இவருக்கும் கொடுத்திருந்தேன். அதில் நீக்கப்பட்டிருந்தது முதலாமவரின் குரல் மட்டும். டோன் எங்கள் மிக்சரிலிருந்து கிளம்புகிறதே தவிர அவருடைய மைக்கிலிருந்து வருவதில்லை என்பதால், இந்தப் பிழையை அது எத்தனை முறை அனுப்பினாலும் காட்டாது. அன்று முதல் ஒவ்வொருவரையும் அவரவர் மைக்கில் ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணச் சொல்லி, "உங்கள் குரல் உங்களுக்குத் திரும்பக் கேட்கிறதா?" என்று கேட்கிறேன். "இல்லை" என்று பதில் வந்த பிறகுதான் அந்த லைனைத் தயாரிப்பாளரிடம் ஒப்படைக்கிறேன்.

இயர்பீஸ் பற்றியும் சொல்ல வேண்டும். நீண்ட நேரலைகளில் காதின் ஈரம் குழாய்க்குள் ஏறி, சுருளின் கீழ்வளைவில் ஒரு சொட்டு நீராக நிற்கும். கடுகளவுதான் இருக்கும், ஆனால் ஒலி பாதியாகிவிடும். வாசிப்பாளர் வால்யூம் குமிழைத் திருகிக்கொண்டே போவார். வாரம் ஒருமுறை குழாயைக் கழற்றி, வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி, ஊதிக் காயவைக்கிறோம். ஒருவர் இயர்பீஸை மற்றவர் அணிவதில்லை. அளவெடுத்துச் செய்த சிலிகான் காதச்சு வந்த பிறகு வெளிச்சத்தம் அடைபட்டதால், முன்பு முக்கால் அளவில் நின்ற குமிழ் இப்போது பாதியில் நிற்கிறது. வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான வரம்பு. நாள்தோறும் ஆறு மணி நேரம் இதை அணிகிறவர்களுக்கு அந்தப் பாதி முக்கியமானது.

ஐந்து ஆண்டுகளில் மூலக்கருவி ஒருமுறைகூடப் பழுதாகவில்லை. பெல்ட்பேக்குகளில் மூன்றுக்கு வால்யூம் குமிழ் கரகரத்து மாற்ற வேண்டியிருந்தது. குழாய்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மஞ்சளாகிக் கடினப்படுகின்றன. ஸ்டுடியோவுக்கு மீண்டும் வாங்குவதென்றால் இதே வகையைத்தான் வாங்குவேன், ஆனால் பெல்ட்பேக்கிலேயே ஒலி ஓர் அளவைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர் உள்ளதாகப் பார்த்து வாங்குவேன். கட்டுப்பாட்டறையில் யாராவது மைக்குக்கு அருகில் கத்தினால், அது நேராக ஒருவரின் செவிப்பறையில்தான் போய் விழுகிறது.