மணாலியில் சைக்கிளை சர்வீசுக்கு விடுகிறவர்கள் படியுங்கள்: என் 6,850 ரூபாய் போனது

நேற்று மதியம் பாரலாச்சா கணவாயின் இறக்கத்தில் என்னை நிறுத்தியது பிரேக் அல்ல, என் ஷூவின் அடிப்பாகம். வழியில் உள்ள கேலாங் ஊரில் அறைக்கு வந்து சேர்ந்தும் கை நடுக்கம் நிற்கவில்லை.

மணாலியிலிருந்து லே வரை சைக்கிளில் போக ஒரு வருடம் பணம் சேர்த்தேன். புறப்படுவதற்கு முந்தைய நாள் மணாலியில் ஒரு பழுதுபார்க்கும் கடையில் சைக்கிளை விட்டேன். கடைக்காரர் வயதானவர், 'பேட்டா' (மகனே) என்றுதான் கூப்பிட்டார். செயின், பிரேக் பேட் (அழுத்திச் சக்கரத்தை நிறுத்தும் பட்டை), பின் பற்சக்கரம் எல்லாம் தேய்ந்துவிட்டன என்றார். உண்மைதான். புதுப் பேட்களை அட்டைப்பெட்டியோடு என் கண்முன் மேஜையில் வைத்தார். அதைப் பார்த்ததும் எனக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. கூலியோடு 6,850 ரூபாய். மறுநாள் காலை சைக்கிள் பளபளவென்று நின்றது. "புதுப் பேட் பழகும்வரை சத்தம் வரும், பயப்படாதே" என்று சொல்லி அனுப்பினார்.

அந்த வாக்கியத்தில்தான் ஏமாந்தேன். ரோத்தாங் கணவாயிலிருந்து கோக்சருக்கு இறங்கும்போது கேட்ட உரசலை, பேட் பழகுகிறது என்றே நினைத்தேன்.

நேற்று ஜிங்ஜிங்பாரிலிருந்து ஏறும்போது செயின் பல்லில் நிற்காமல் தாவியது. கணவாயின் உயரம் 4,800 மீட்டருக்கும் மேல். நடந்தாலே மூச்சு வாங்கும். சூரஜ் தால் ஏரியைத் தாண்டி உச்சி வரை தள்ளிக்கொண்டே போனேன். மறுபுறம், சர்ச்சு என்ற இடத்தை நோக்கி இறங்கிய சிறிது தூரத்தில் பின்சக்கரத்தில் இரும்பை இரும்பு அறுக்கும் ஓசை. பிரேக் லீவர் கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டது. முன் பிரேக்கும் பிடிக்கவில்லை. எதிரே லாரி. மலைப்பக்கம் ஒடித்து, காலைத் தரையில் தேய்த்து, ஜல்லியில் விழுந்தேன்.

பேட்களைக் கழற்றினேன். இரும்புத் தகட்டில் 'மு', 'பி' என்ற எழுத்துகள். முன், பின் மாறாமலிருக்கச் சென்ற ஆண்டு நானே ஊசியால் கீறியவை! என் பழைய பேட்களையே கழுவி மாட்டியிருக்கிறார். செயினில் நான் சேர்த்த வெள்ளி நிறக் கண்ணி அப்படியே இருக்கிறது. பற்சக்கரமும் பழையதுதான். அழுக்கைத் துடைத்து எண்ணெய் விட்டதற்கு 6,850 ரூபாய்.

அந்த லாரி ஓட்டுநர்தான் என்னையும் சைக்கிளையும் ஏற்றிக் கேலாங்கில் இறக்கிவிட்டார். பணம் வாங்க மறுத்துவிட்டார்.

சிக்னல் கிடைத்ததும் கடைக்குப் போன் செய்தேன். "மலைத் தூசியில் தேய்ந்திருக்கும், சார்." பேட்டா போய் சார் வந்துவிட்டது. எழுத்துகளைப் பற்றிச் சொன்னேன். சற்று மௌனம். வேலைக்காரப் பையன் செய்தது, அவன் ஊருக்குப் போய்விட்டான் என்றார். மறுபடி அழைத்தால், பில்லில் பேட் என்று எழுதியிருக்கிறதா என்று கேட்கிறார். 'சர்வீஸ் 6,850' என்று மட்டும் எழுதித் தந்தவரே அவர்தான்! அதன் பிறகு போனை எடுக்கவில்லை.

எச்சரிக்கையாக நிறைய எழுத நினைத்தேன், ஆத்திரத்தில் கோர்வையாக வரவில்லை. கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். பில்லில் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். பேட்டைக் கழற்றிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும், பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். என்னைப் போலக் கடைசி நாளில் விடாதீர்கள்.

நாளைக் காலை பஸ்ஸில் மணாலிக்குத் திரும்புகிறேன். நான்கு பேட் தகடுகளையும் தாளில் சுற்றிப் பையில் வைத்திருக்கிறேன்.