மன்னார்குடியிலிருந்து கார்கோ: ஒரு மதிப்புரை

நெல் மூட்டைகளின் எடைக் கணக்குக்காக ரஸ்ட் என்னும் நிரலாக்க மொழியில் ஒரு சிறு நிரல் எழுதிவரும் எனக்கு, பிறர் எழுதிய நூலகங்களை (ஆயத்த நிரல் தொகுப்புகளை) இறக்கித் தரும், அம்மொழியின் பேக்கேஜ் மேலாளரான கார்கோவில் மிகவும் பிடித்தது ‘கார்கோ.லாக்’ கோப்புதான், ஒவ்வொரு நூலகத்தின் பதிப்பையும் அது துல்லியமாகக் குறித்துவைப்பதால், அதையும் சேர்த்து அனுப்பினால் திருவாரூர் நண்பரின் கணினியிலும் அதே பதிப்புகளே இறங்குகின்றன. ரஸ்ட் நூலகங்களின் பொதுக் களஞ்சியமான கிரேட்ஸ்.ஐஓவில் ஒருமுறை வெளியிட்ட பதிப்பை மேலெழுத முடியாது. அதை ‘யாங்க்’ செய்தாலும், அதாவது புதிதாக யாரும் தேர்ந்தெடுக்காதபடி விலக்கினாலும், பழைய லாக் கோப்பை வைத்திருப்போருக்கு அது தொடர்ந்து கிடைக்கும். 2023இல் வந்த 1.70 பதிப்பு முதல், களஞ்சியத்தின் நூலக அட்டவணை முழுவதையும் கார்கோ இறக்காமல் வேண்டிய பகுதியை மட்டும் பெறுவதே வழக்கமாகிவிட்டது. கைபேசி இணையத்தை நம்பியிருக்கும் எங்களுக்கு இது பெரும் ஆறுதல்.

நூலகங்கள் மூலநிரலாகவே வருவதால் முதல் கம்பைலுக்கு (அதை இயங்கும் நிரலாக மாற்றுவதற்கு) நேரம் பிடிக்கிறது. என் பழைய மடிக்கணினியின் விசிறி அப்போது கதிரடிக்கும் இயந்திரம்போல் இரைகிறது. ஐப்பசி மழையில் இணையம் அறுந்துபோகும் நாள்களுக்காக, ‘கார்கோ வெண்டர்’ கட்டளையால் நூலகங்கள் அனைத்தையும் திட்டத்துக்குள்ளேயே நகலெடுத்து வைத்திருக்கிறேன்.